மீட்டிங்கில் தலையாட்டல், டீக்கடையில் உண்மை: வேலை இடத்துச் சமூக உளவியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னலாடைத் தொழிலில் உற்பத்திப் பக்கம் பதினோரு வருடம், அப்புறம் எச்ஆர் பக்கம் ஏழு வருடம் இருந்தேன். இப்போது சூப்பர்வைசர்களுக்கும் டீம் லீடுகளுக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ இடைவேளையில் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து நின்று கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகள் இவை.

சமூக உளவியல் என்றால் மனநல மருத்துவம் மாதிரியா?

இல்லை. வீட்டில் கலகலவென்று பேசுகிறவர் மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுகிறார். தனியாக இருந்தால் மளமளவென்று பொட்டலம் கட்டுகிற பையன், நாலு பேர் சேர்ந்ததும் மெதுவாகிவிடுகிறான். ஆள் அதே ஆள்தான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது மாறியதும் நடத்தை மாறிவிடுகிறது. அதைச் சோதனை வைத்துப் படிப்பதுதான் சமூக உளவியல்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன குர்ட் லெவின் இந்தப் படிப்பைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். ஆளும் சூழலும் சேர்ந்துதான் நடத்தை என்பது அவர் கணக்கு. நம் ஆபீஸ்களில் சூழலை விட்டுவிட்டு ஆளை மட்டும் அப்ரைசல் பாரத்தில் நிரப்புகிறோம்.

என் லைனில் ஒருவர் எப்போதும் மந்தம். அது அவர் குணம்தானே? இதில் உளவியல் என்ன செய்யும்?

குணமாக இருக்கலாம். ஆனால் நாம் அந்த முடிவுக்கு வருகிற வேகம்தான் சந்தேகத்துக்கு உரியது. எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு பேர் 1967இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். "இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று வாத்தியார் சொன்னதால் எழுதியது" என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் படித்தவர்கள், ஆதரித்து எழுதியவருக்கு உள்ளூரக் காஸ்ட்ரோமேல் ஒரு சாய்வு இருக்கும் என்றே நினைத்தார்கள். சூழலின் கட்டாயம் கண்ணெதிரே இருந்தும் குணத்தின்மேல் பழி போடும் இந்தப் பழக்கத்துக்கு லீ ராஸ் 1977இல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு டெய்லர், வயது நாற்பதுக்கு மேல். மூன்று மாதம் தொடர்ந்து 'வேகம் குறைவு' என்று ரெஜிஸ்டரில் எழுதினேன். ஒருநாள் வேறு வேலையாகப் போய் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வந்தது. அவருடைய மெஷின் லைனின் கடைசியில். தைக்க வேண்டிய துணிக்கட்டு, அதாவது பண்டல், அவர் கைக்கு வருவதில்லை. அவரே எழுந்து தூணைச் சுற்றிப் போய் எடுத்துவர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை எழுந்தார். ஹெல்பர் பையனின் நடையை அந்தத் தூண் வரைக்கும் நீட்டியதோடு விஷயம் முடிந்தது. மூன்று மாதமாக நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு தூணைப் பற்றி.

நன்றாக வேலை தெரிந்தவர்கூட டார்கெட்டைத் தாண்டுவதில்லையே, ஏன்?

தாண்டினால் பக்கத்து மெஷின்காரர்கள் விட மாட்டார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் என்று ஒரு பைஜாமா கம்பெனி இருந்தது. முதலாளி ஆல்ஃபிரட் மாரோவே உளவியல் படித்தவர் என்பதால் லெவினையும் அவருடைய ஆட்களையும் உள்ளே விட்டார். அங்கே அயர்ன் பிரிவில் ஒரு பெண். மணிக்கு 60 பீஸ் என்பது நிர்ணயித்த அளவு. அவருடைய குழு 50ஐ ஒட்டியே ஓட்டிக்கொண்டிருந்தது. இவர் மெல்ல ஏறி 56ஐத் தொட்டார். உடனே மற்றவர்கள் குத்தலாகப் பேசத் தொடங்கினார்கள். சில நாளில் அவர் 48க்கு இறங்கிவிட்டார். பிறகு மற்றவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட, இவர் மட்டும் தனியாக நின்றார். அடுத்த நாட்களில் 83, அப்புறம் 92. அதே கை, அதே இஸ்திரிப் பெட்டி.

இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாரையும் தனித்தனியாக உட்கார வைத்துவிடலாம்" என்று ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னார். வேண்டாம். குழு பிடித்து இழுக்கிறது என்றால் அதற்கும் காரணம் இருக்கும். ஒருத்தி 92 போட்டால் நாளைக்கு ரேட்டைக் குறைத்து எல்லாரையும் 92 போடச் சொல்வார்கள் என்ற பயம், பீஸ் கணக்கில் கூலி தரும் எந்தப் பீஸ் ரேட் தொழிலிலும் உண்டு. பல இடங்களில் அது நியாயமான பயமும்கூட.

புது முறை, புது சாஃப்ட்வேர் எது கொண்டுவந்தாலும் எதிர்க்கிறார்கள். மாற்றம் என்றாலே மனிதர்களுக்குப் பிடிக்காதா?

வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. இங்கேயும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

அதே ஹார்வுட் கம்பெனி. ஸ்டைல் மாறும்போதெல்லாம் வேலை முறையும் மாறும். மாறும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி விழும், பெண்கள் வேலையை விட்டு நிற்பார்கள். பெர்சனல் மேனேஜர் லெஸ்டர் கோச்சும் உளவியலாளர் ஜான் ஃபிரெஞ்சும் இதை வைத்து ஒரு சோதனை நடத்தி 1948இல் வெளியிட்டார்கள். மாற்றம் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? அயர்ன் செய்யும் 18 பேர் அதுவரை அரை டஜன் பைஜாமாவை ஓர் அட்டையின்மேல் அடுக்கினார்கள். இனி அதே அளவுள்ள ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பெட்டி வைக்கும் இடமும் பழைய இடம்தான். அவ்வளவே.

இந்த 18 பேரைக் கூப்பிட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, முறையை மாற்றியாக வேண்டும், புது ரேட் இது என்று சொன்னார்கள். கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். நம் ஊரில் நடக்கும் எந்த மீட்டிங்கையும்விட மோசமில்லை. ஆனால் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. சண்டை, புகார், ரேட் போட்ட இன்ஜினியரோடு மல்லுக்கட்டு. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள்.

செக்கிங் பிரிவில் இன்னும் இரண்டு சிறு குழுக்களுக்கு வேறு விதமாகச் செய்தார்கள். மேஜைமேல் ஒரே மாதிரி இரண்டு பைஜாமாவை வைத்து, "இதில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு விலைக்கு விற்றது. விலை குறைந்தது எது, சொல்லுங்கள்" என்றார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய கதை அங்கேயே புரிந்துவிட்டது. எந்த வேலையை விடலாம், எதை மாற்றலாம் என்று அந்தப் பெண்களே யோசனை சொல்லச் சொல்ல, குறிப்பெடுப்பவருக்குக் கை வலித்திருக்கும். இவர்களுடைய உற்பத்தி லேசாக விழுந்து சட்டென்று எழுந்து, பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போய் நின்றது. அந்த 40 நாளில் ஒருத்தரும் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. முதல் குழுவில் மிச்சமிருந்த 13 பேரை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றாகச் சேர்த்து, வேறொரு புது வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் கூடவே உட்கார வைத்து முடிவு செய்தார்கள். அதே 13 பேர் கடகடவென்று மேலே வந்துவிட்டார்கள். பெட்டிக்காகச் சண்டை போட்ட பிடிவாதக்காரிகள் எங்கே போனார்கள்?

எங்கள் யூனிட்டில் உற்பத்திக் கணக்கை நோட்டில் எழுதுவதற்குப் பதில் டேப்பில், அதாவது டேப்லெட்டில், ஏற்றச் சொன்னோம். மூன்று வாரத்தில் இரண்டு டேப் 'கை தவறி' விழுந்து உடைந்தன. லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருவரிடம் சண்டை போடாமல் போய்க் கேட்டபோதுதான் சொன்னார்: "கையெல்லாம் பஞ்சுத் தூசி சார். தொட்டா எடுக்கவே மாட்டேங்குது. நாலு தரம் அமுக்குறதுக்குள்ள நோட்டுல எழுதி முடிச்சிருவேன்." டேப்புக்கான பேனா நூற்றைம்பது ரூபாய். வாங்கும் முன்னாலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

மீட்டிங்கில் எல்லாரும் சரி என்கிறார்கள். வெளியே வந்ததும் "இது நடக்காது" என்கிறார்கள். இரட்டை வேடமா?

இதையும் குணமாகப் பார்க்காதீர்கள். சாலமன் ஆஷ் 1950களில் வெளியிட்ட சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்றில் அதே நீளமுள்ளது எது என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டால் நூற்றில் ஒன்றுகூடத் தப்பாகாது. ஆனால் முன்னால் உட்கார்ந்த எல்லாரும், ஏற்கெனவே பேசி வைத்தபடி, ஒரே தப்பான பதிலைச் சொன்னால்? கடைசியில் வாய் திறக்கும் அப்பாவி மாணவர்களின் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகிவிட்டன. கோட்டுக்கே இப்படி என்றால், இன்கிரிமென்ட் கையில் வைத்திருப்பவர் எதிரே உட்கார்ந்து ஷிப்மென்ட் தேதியைப் பற்றிப் பேசும்போது?

பெரிய மனிதர்களும் தப்பவில்லை. 1961 ஏப்ரலில் சுமார் 1,400 கியூப அகதிகளை வைத்து அமெரிக்கா காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்கக் கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் இறங்கப் பார்த்து, மூன்று நாளில் தோற்றது. அதிபர் கென்னடியைச் சுற்றி இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிஞ்சருக்குத் திட்டத்தின்மேல் நம்பிக்கை இல்லை. எழுத்தில் தெரிவித்தவர் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகப் பின்னால் வருந்தினார். இர்விங் ஜேனிஸ் 1972இல் இதை ஆராய்ந்து, ஒற்றுமை குலையக் கூடாது என்ற ஆசையில் குழு யோசிப்பதையே விட்டுவிடுகிறது என்றார். தோற்ற அடுத்த வருடமே, 1962இல், கியூபாவில் ஏவுகணை நெருக்கடி வந்தபோது கென்னடி முறையை மாற்றினார். சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகவில்லை. தலைவர் இல்லாத அறையில் மற்றவர்கள் அடித்துப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டார்.

உங்களுக்கு ஏவுகணை வேண்டாம். இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பேசத் தொடங்கும் முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து "இதில் எது சொதப்பும்?" என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். முதல் தடவை பாதிச் சீட்டு வெள்ளையாகவே வரும். மூன்றாவது தடவை வராது.

வாட்ஸ்அப் குரூப்பில் "யாராவது பாருங்கள்" என்று போட்டால் ஒருவரும் பார்ப்பதில்லையே?

'யாராவது' என்ற சொல்தான் வினை. பிப் லட்டானே, ஜான் டார்லி 1968இல் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் நடிக்கும் இரண்டு பேர் கூட இருந்தபோது சொன்னது 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டு, கையால் புகையை விசிறிவிட்டு, பாரத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்! ஆகவே பெயரைப் போடுங்கள், நேரத்தைப் போடுங்கள். "செல்வி, மூணு மணிக்குள்ள பார்த்துச் சொல்லும்மா." முடிந்தது.

லேட்டாக வருபவர்களுக்கு அபராதம் போட்டால் சரியாகுமா?

இஸ்ரேலின் ஹைஃபாவில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் பார்த்தார்கள். 2000இல் வெளிவந்த ஆய்வு. பெற்றோர் சிலர் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வருவார்கள். ஆறு காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று ஓர் உறுத்தல் இருந்தது. காசு கட்டியதும் அது வாடகை மாதிரி ஆகிவிட்டது. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்தார்கள். தாமதம் பழையபடி குறையவில்லை. உறுத்தலை ஒருமுறை விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

எல்லா அபராதமும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். பெரிய தொகை என்றால் பயந்து வருவார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஐம்பது நூறு ரூபாய் பிடிப்பதுதான் இரண்டும் கெட்டான். தவிர, சம்பளத்தில் கை வைக்கும் முன் சட்டம் எதை அனுமதிக்கிறது என்றும் பாருங்கள். நினைத்தபடி பிடிக்க முடியாது.

ஆர்டர் இல்லை, சம்பளத்தைக் குறைத்தே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது?

முதலாளியே வந்து, நேரில், நேரம் எடுத்துக்கொண்டு. இதை நல்லெண்ணத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே அமெரிக்கக் கம்பெனியின் தொழிற்சாலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவிப் போனதால் இரண்டில் 10 வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஒன்றில் தலைவரே வந்தார். சுமார் ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டினார், வருத்தம் தெரிவித்தார், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். மற்றதில் ஓர் அதிகாரி கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் பிளேனைப் பிடிக்கப் போகிறவர்போல் முடித்துக்கொண்டார். குறைப்பு இல்லாத மூன்றாவது தொழிற்சாலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கருவிகளும் சரக்கும் களவு போகும் அளவைக் கணக்கெடுத்தார்கள். குறைப்பு நடந்த இரண்டிலும் களவு ஏறியது. கால் மணி நேரத்தில் சொன்ன இடத்தில் மிக அதிகமாக ஏறியது, ஆட்களும் நிறையப் பேர் நின்றார்கள். சம்பளம் பழையபடி வந்ததும் களவு இறங்கிவிட்டது. இழந்த பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் போனஸ் குறைப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, முதலாளி அன்றைக்கு வெளியூர் போய்விட்டார். பதில் சொல்ல நின்றது நான். அந்த வருடம் காணாமல்போன கத்தரிக்கோல்களுக்குக் கணக்கே இல்லை.

தலைவர் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அன்பாக இருக்க வேண்டுமா?

லெவின், லிப்பிட், வொயிட் மூவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வில் பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களைப் பார்த்தார்கள். அதிகாரம் செய்யும் தலைவர், கூடிப் பேசி முடிவெடுக்கும் தலைவர், கண்டுகொள்ளாத தலைவர். அதிகாரத் தலைவர் அறையில் இருந்தவரை வேலை நன்றாகவே நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கூடிப் பேசிய குழுவில், தலைவர் போனாலும் வேலை ஓடியது. சூப்பர்வைசர் பாத்ரூம் போனால் லைனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஆனால் "இனிமேல் நீங்களே முடிவு பண்ணுங்க" என்று நம் ஊரில் எடுத்த எடுப்பில் சொன்னால், 'இவருக்கு வேலை தெரியாது' என்று நினைப்பார்கள். பாட்னாவில் இருந்து ஆய்வு செய்த ஜே. பி. பி. சின்ஹா இதைத்தான் பிடித்தார். 1980இல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது, இந்தியச் சூழலில் எடுபடுவது வேலையில் கறாராகவும் ஆள்மேல் அக்கறையாகவும் இருக்கும் தலைவர் என்று. அக்கறை சும்மா கிடைக்காது. வேலை செய்கிறவருக்குக் கிடைக்கும். ஆள் தேறத் தேறத் தலைவர் பிடியைத் தளர்த்திக் கூடிப் பேசும் முறைக்கு வர வேண்டும். கடைசிப் படியைத்தான் நாம் ஏறுவதே இல்லை. இருபது வருட மாஸ்டரிடமும் புதுப் பையனிடம் பேசுவது மாதிரியே பேசுகிறோம்.

நேற்று வரை தோள்மேல் கை போட்ட நண்பர்களுக்கு இன்று நான் சூப்பர்வைசர். என்ன செய்வது?

முதல் வாரத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து "லீவு, ஓ.டி. பிரிப்பதில் எனக்கு யாரும் வேண்டியவர் இல்லை, இதுதான் முறை" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அதே முறையை உங்கள் உயிர் நண்பருக்கும் ஒருமுறையாவது காட்ட வேண்டி வரும். எல்லார் கண்ணும் அதில்தான் இருக்கும். டீக்கு மட்டும் பழையபடியே சேர்ந்து போங்கள்.

தப்பு நடந்தால் மறைக்கிறார்கள். சிசிடிவி வைத்தாயிற்று. இன்னும் மறைக்கிறார்கள்.

ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தப்பு அதிகம்! பிறகு புரிந்தது, அங்கே தப்பு அதிகம் நடக்கவில்லை, வெளியே சொல்லப்பட்டது. மற்ற இடங்களில் அமுக்கினார்கள். இதிலிருந்துதான் 'உளவியல் பாதுகாப்பு' என்று இப்போது எல்லா எச்ஆர் மேடையிலும் பேசப்படும் கருத்து 1999இல் முழு வடிவம் பெற்றது. திட்டு விழாமல் கெட்ட செய்தி சொல்ல முடியுமா என்பதுதான் விஷயம். வேலையில் தளர்வு என்று பொருள் இல்லை.

அடுத்த முறை ஒருவர் வந்து "சார், அளவு மாத்தி வெட்டிட்டேன்" என்று சொன்னால், உங்கள் வாயில் வரும் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். பத்து மேஜை தள்ளி இருப்பவர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "எத்தனை பீஸ்?" என்பது நல்ல முதல் வாக்கியம்.

ஹாதார்ன் ஆய்வு பற்றி எல்லா எம்பிஏ வகுப்பிலும் சொல்கிறார்களே? "கவனித்தாலே உற்பத்தி கூடும்" என்பது உண்மையா?

பாதி உண்மை, பாதி கதை. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த தொடர். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது என்பார்கள். பழைய தரவுகளைப் பின்னாளில் தோண்டி எடுத்துக் கணக்குப் போட்டபோது அவ்வளவு தெளிவாக ஒன்றும் தேறவில்லை. தொலைபேசிக் கருவிக்கான ரிலே என்ற பாகத்தைப் பூட்டும் அறையில் ஐந்து பெண்கள் ஓகோவென்று செய்தார்கள் என்பதும் பாடத்தில் வரும். அவர்களில் இருவரை, பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று 1928இல் மாற்றிவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள் என்பது வராது.

அங்கே எனக்கு உறுதியாகத் தெரிவது கடைசியாக நடந்த கம்பி இணைக்கும் அறைதான். 14 ஆண்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. அதற்கு மேல் செய்தவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து. ஹார்வுட் பெண்கள் வாயால் செய்ததை இவர்கள் கையால் செய்தார்கள்.

குழுவாக உட்கார்ந்து யோசித்தால் நிறைய யோசனை வருமா?

வராது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1958இலேயே பார்த்துவிட்டார்கள்: நாலு பேர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தால், சேர்ந்து உட்கார்ந்த நாலு பேரைவிட ஏறக்குறைய இரட்டிப்பு யோசனை. ஒருவர் பேசும்போது மற்ற மூன்று பேர் காத்திருக்க வேண்டும், அதற்குள் தோன்றியது மறந்துபோகும். முதலில் எழுதட்டும், அப்புறம் பேசட்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஊர் ஆராய்ச்சி. நமக்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் நம்பிவிடக் கூடாது. ஹார்வுட் சோதனையையே 1960இல் நார்வேயில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் திரும்பச் செய்தபோது உற்பத்தியில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அங்கே தொழிற்சங்கம் வலுவானது. 'எங்களைக் கேட்க வேண்டியது சங்கத்தின் வழியாக' என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கூட்டம் பெரிதாகத் தோன்றவில்லை. கேட்கிற விதம் அந்த இடத்துக்கு நியாயமாகப் பட வேண்டும்.

இந்தியாவிலேயே ஒன்று உண்டு. அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி இல்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953இல் வந்து பார்த்தார். இழை கட்டுபவர், நெய்பவர், துணி சுமப்பவர் என்று வேலையைப் பல துண்டாக்கி, யாருக்கும் யாரும் சொந்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு பொறுப்பு என்று மாற்றலாம் என்று பேச்சு எழுந்ததும், தொழிலாளர்களே யார் யார் எந்தக் குழு என்று பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது. 1970இல் டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது தானியங்கித் தறிக் கூடத்தில் அந்த முறை கரைந்துபோயிருந்தது. வேறொரு சாதாரணத் தறிக் கூடத்தில் மட்டும் அப்படியே இருந்தது. மேலே இருந்து வரும் நெருக்கடியைக் குழுவுக்குள் விடாமல் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் போனால் முறையும் போகும்.

எதையெல்லாம் நம்பக் கூடாது?

இரண்டு நிமிடம் உடம்பை விரித்து அதிகாரத் தோரணையில் இருந்தால் ஹார்மோன் மாறித் தலைவராகிவிடலாம் என்ற 2010 ஆய்வு. 2015இல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோன் அசையவில்லை; முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே பின்னால் இதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்புறம், மாணவர்களில் சிலரைக் காவலராகவும் சிலரைக் கைதியாகவும் நடிக்க வைத்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை. காவலர்கள் தானாகக் கொடூரமாக மாறவில்லை, கடுமையாக இருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆவணங்கள் வெளிவந்திருக்கின்றன. ஊக்கப் பேச்சாளர் யாராவது இந்த இரண்டையும் சொன்னால் மொபைலை எடுத்துப் பார்க்கத் தொடங்கலாம்.

இப்படிச் சூழலை மாற்றி ஆட்களை நடத்துவது ஏமாற்று வேலை இல்லையா?

நீங்கள் செய்வதை அவர்களிடமே சொல்ல முடிந்தால் இல்லை. "உங்களைக் கேட்டு முடிவெடுக்கிறேன், அப்போதான் இது நிலைக்கும்" என்று சொல்லலாம். முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டுக் கேட்பதுபோல் நடித்தால், அதைச் சொல்ல முடியாது. எப்படியும் மூன்றாவது மீட்டிங்கில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் மேனேஜர் இல்லை. கடைசி நாற்காலி. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆஷின் சோதனையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அப்பாவி மாணவரின் தப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. முதலில் எதிர்ப்பதற்குத் தைரியம் வேண்டும், எல்லாராலும் முடியாது. இரண்டாவதாக வாய் திறப்பதற்கு அவ்வளவு தைரியம் தேவையில்லை.

ஒரு ஷிப்மென்ட் மீட்டிங். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் பெண், "சார், துணியில ஷேடு மாறுற மாதிரி தெரியுது" என்றாள். அறையில் சத்தமே இல்லை. ஜி.எம். கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் அடுத்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு பைலை மூடப் போனாள். அப்போது சுவர் ஓரம் நின்றிருந்த கட்டிங் மாஸ்டர், யாரையும் பார்க்காமல், "பாப்பா சொல்றது சரிதான் சார். எனக்கும் ரெண்டு ரோல்ல அப்படித்தான் பட்டுது" என்றார். உடனே ஃபினிஷிங் இன்சார்ஜ் பேசினார், அப்புறம் நான்கூடப் பேசினேன். ரோலை வரவழைத்து, மேஜைமேல் விரித்து, டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். ரெண்டு இல்லை, அஞ்சு ரோல்.